பற்றைக்காட்டு மானுக்கு லீவர் துவக்கு: கனடாவில் இருக்கும் வன்னிப் பெடியளுக்கு

ஆவணி வந்தால் எனக்குக் கனடாவில் இருந்து அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். அங்கே இரவு 9 மணி என்றால் ஒட்டுசுட்டானில் காலை 6.30. நான் வேப்பங்குச்சியோடு கிணற்றடியில் நிற்பேன். அக்காவின் மகன் நலம் விசாரிப்பதுபோல இரண்டு கேள்வி கேட்டுவிட்டு விசயத்துக்கு வருவான். "மாமா, இந்த முறை லீவர் துவக்கு ஒன்று எடுக்கப் போறன். எதை எடுக்கிறது?" அவனுக்குச் சொன்னதை அவன் கூட்டாளிக்கும், கூட்டாளியின் மச்சானுக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதியே போட்டுவிடுகிறேன்.

நான் ஒன்ராறியோவில் 24 வருடம் இருந்தேன். அதில் 17 நவம்பர் மாதங்கள் காட்டில் கழிந்தன. துவக்கைத் திருத்துகிற ஆள் இல்லை, குறிபார்த்துப் பரிசு வாங்கியவனும் இல்லை. மானைத் தவறவிட்டுத்தான் கனக்கக் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஒன்று. இது வன்னியில் மான் சுடுவதற்கான குறிப்பு அல்ல. இங்கே மான், மரை, உக்குளான் எல்லாம் 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை, சுட்டால் குற்றம். ஐயாவின் காலத்தில் ஒற்றைக்குழல் துவக்கும் எஸ்ஜி தோட்டாவும் வீட்டு வளையில் தொங்கியது உண்மைதான், காய்ந்த மரை வத்தலின் மணம் எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு இன்றைக்கு ஊருக்கு வந்து காட்டுக்குள் இறங்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கனடாவில் அனுமதிப்பத்திரம் எடுத்து, மானுக்கான முத்திரையை வாங்கி, வேட்டைக் காலம் திறந்த பிறகு போகிறவர்களுக்குத்தான் இது.

சரி, ஏன் லீவர்? முத்தையன்கட்டுப் பக்கம் பாலையும் வீரையும் முடிந்து சூரைப்பற்றையும் ஈச்சம்பற்றையும் தொடங்குகிற இடத்தில் நின்று பாருங்கள். எத்தனை அடி தெரியும்? ஆனை நின்றாலே அது காதை ஆட்டும்வரை தெரியாது. ஒன்ராறியோவின் சீடர் சதுப்புகளும் அப்படித்தான். மரம் வேறு, குளிர் வேறு, ஆனால் கண்ணுக்கும் மானுக்கும் இடையில் இருக்கும் தூரம் ஒன்றுதான். நான் சுட்ட மான்களில் முக்கால்வாசி 70 யாருக்கு (ஒரு யார் என்றால் மூன்று அடி) உள்ளே நின்றவை. அந்தக் காட்டில் நீளமான குழலும் ஸ்கோப் என்கிற பெரிய குறிபார்க்கும் தொலைநோக்கியும் கிளைக்குக் கிளை கொழுவும். லீவர் துவக்கு கட்டையானது, மெல்லியது, நடுவில் பிடித்து ஒரு கையால் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடக்கலாம். விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தைக் கீழே தள்ளினால் சுட்டு முடிந்த வெற்றுக்கோது வெளியே பாயும், மேலே இழுத்தால் அடுத்த ரவை, அதாவது முழுத் தோட்டா, உள்ளே போகும். சோங்கை (துவக்கின் பின்கட்டையை) தோளில் இருந்து எடுக்காமலே அடுத்த வெடிக்கு ஆயத்தம்.

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, யாரும் செய்வதில்லை. நீங்கள் குந்தியிருக்கப் போகிற இடத்துக்குப் பகலில் போய், அங்கிருந்து மான் வரக்கூடிய தடம்வரை அடியளந்து பாருங்கள். 60, 80, 120 என்று எதுவோ வரும். அதை எழுதி வையுங்கள். அந்த இலக்கம்தான் எந்த ரவை வேண்டும் என்று சொல்லும், கடைக்காரர் அல்ல. கோதுமை வெட்டிய வயலின் ஓரத்தில் இருந்து 300 யாருக்குச் சுடப்போகிறவருக்கு லீவர் துவக்கே தேவையில்லை, கைப்பிடியைப் பின்னால் இழுத்து ரவை ஏற்றும் போல்ற் துவக்கொன்றை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

இன்னொன்றையும் அப்போதே பாருங்கள். ஒன்ராறியோவின் தென்பகுதியில் பல வேட்டைப் பிரிவுகளில் மானுக்கு ரைபிளே (நான் சொல்லும் லீவர் துவக்கும் அதுதான்) அனுமதி இல்லை, சொட்கண், வாய்வழி நிரப்பும் துவக்கு, வில் மட்டும்தான். மாகாணம் ஒவ்வொரு வருடமும் வெளியிடும் விதிப்புத்தகத்தில் உங்கள் பிரிவின் இலக்கத்தைத் தேடுங்கள். எங்கள் ஆள் ஒருவர் புதுத் துவக்கை வாங்கி, எண்ணெய் பூசி, படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிய பிறகுதான் தன் நண்பரின் காணி எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பார்த்தார். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட இறங்காமல் ஏ9 வீதியில் பறந்தவன் மாங்குளத்தில் நின்று யோசித்த மாதிரி.

இனி ரவை. துவக்குக்கு முன் ரவையைத் தீர்மானியுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: .30-30. வின்செஸ்ரர் நிறுவனம் 1895 இல் விற்பனைக்கு விட்ட ரவை இது. முதல் 30 குழலின் அளவு, அதாவது ஒரு அங்குலத்தின் நூறில் 30 பங்கு. இரண்டாவது 30 அந்தக் காலத்தில் உள்ளே போட்ட புகையில்லா மருந்தின் நிறை, கிரெய்ன் கணக்கில். 7000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு இறாத்தல். இப்போது மருந்தின் அளவு மாறிவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. 150 கிரெய்ன் சன்னம் (ரவையின் நுனியில் இருந்து பறக்கும் துண்டு) குழலை விட்டு விநாடிக்கு ஏறக்குறைய 2390 அடி வேகத்தில் போகும், 170 கிரெய்ன் 2200 அடி. இன்றைய போல்ற் துவக்குகளோடு பார்த்தால் இது மெதுவான ரவைதான். ஆனால் 150 யாருக்குள் வெள்ளைவால் மானுக்கு எதுவும் குறையாது. தோளில் அடிக்கிற அடியும் தாங்கக்கூடியது, அதனால் ஆள் கண்ணை மூடாமல் சுடுவார். சனம் யோசிக்காத பெரிய விசயம் அதுதான். பெரிய ரவையை வாங்கிவிட்டு விசையை இழுக்கும்போது தோளைச் சுருக்குகிறவரைவிட, சின்ன ரவையை நெஞ்சாங்குழியில் வைக்கிறவருக்குத்தான் இறைச்சி கிடைக்கும்.

150 ஆ 170 ஆ என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். மானுக்கு 150 போதும். தடித்த பற்றைக்குள், கிட்டத்தில், கொஞ்சம் ஆழமாகப் போக வேண்டும் என்றால் 170. கரடியும் அந்தக் காட்டில் இருக்கிறது என்பதால் நான் கடைசிக் காலத்தில் 170 க்கு மாறினேன். பற்றையை ஊடறுத்து நேராகப் போகும் சன்னம் என்று ஒன்று கிடையாது. எந்தச் சன்னமும் சுள்ளியில் பட்டால் திரும்பும், ஆகவே இடைவெளி கிடைக்கும்வரை பொறுங்கள்.

.35 ரெமிங்ரன் 1906 இல் வந்த பழைய ரவை, 200 கிரெய்ன், கிட்டத்தில் மிக நல்லது, மார்லின் நிறுவனத்தின் பழைய துவக்குகளில் அது இருக்கும். ஆனால் ரவை தேடித் திரிய வேண்டி வரும். .44 மக்னம் 100 யாருக்குள் நல்லது, கட்டைத் துவக்கு, அடி குறைவு. அதற்கு மேல் சன்னம் கல்லெறிந்த மாதிரி கீழே இறங்கும். .357 மக்னத்தில் மான் விழும்தான், ஆனால் 75 யாருக்குள், நன்றாகச் சுடத் தெரிந்தவர் கையில் மட்டும். முதல் துவக்காக எடுக்காதீர்கள். .45-70 என்பது 1873 இல் அமெரிக்க இராணுவத்துக்குச் செய்த ரவை, 300 முதல் 405 கிரெய்ன்வரை இரும்புக்கட்டி மாதிரி ஒன்று போகும். மூஸ், கரடி என்றால் சரி. மானுக்கு அது வேண்டாம் என்று நான் தடுக்கமாட்டேன், ஆனால் மருமகன் இரண்டு பெட்டி சுட்ட பிறகு தோளில் நாகதாளிப்பழ நிறத்தில் ஒரு கண்டல், அடுத்த கிழமை விசையைத் தொடும்போதே முகத்தைத் திருப்பினான். அந்தப் பழக்கத்தை எடுக்க ஒரு வருடம் பிடித்தது. .45-70 எடுத்தே தீருவேன் என்றால் பெட்டியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். சில கடும் ரவைகள் புதிய, பலமான துவக்குகளுக்கு மட்டும் செய்தவை. அவற்றைப் பழைய துவக்கில் போட்டால் மான் அல்ல, நீங்கள்தான் காயப்படுவீர்கள்.

இப்போது, இந்தக் குறிப்பில் வேறு எதை மறந்தாலும் மறக்கக்கூடாத இடம். பெரும்பாலான லீவர் துவக்குகளில் ரவைகள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய்க்குள் வரிசையாக, ஒன்றின் பின்னால் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒரு ரவையின் மூக்கு முன்னால் இருக்கும் ரவையின் பின்பக்கத்தில், சரியாகக் கேப்பின் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியின்) மேல் முட்டிக்கொண்டு கிடக்கும். இடியன் துவக்கில் கேப்பு வைத்த ஐயாமாரைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: கேப்பில் கூரான ஒன்று குத்தினால் என்ன நடக்கும்? வெடிக்கும்போது துவக்கு பின்னால் உதைக்கிறது, குழாய்க்குள் ரவைகள் ஒன்றோடொன்று இடிக்கின்றன. கூர்மூக்குச் சன்னம் போட்டிருந்தால் உங்கள் இடக்கை பிடித்திருக்கும் அந்த இடத்திலேயே வெடிக்கலாம். ஆகவே குழாய்த் துவக்குக்குத் தட்டை மூக்கு, அல்லது அகலமான உருண்டை மூக்குச் சன்னம்தான். விதிவிலக்கு ஒன்று உண்டு. ஹோர்னடி நிறுவனத்தின் லெவரெவலூஷன் ரவைகளில் சன்னம் கூராக இருக்கும், ஆனால் அந்த நுனி றப்பர் மாதிரி மென்மையானது, அமத்தினால் வளைந்துகொடுக்கும். அது குழாய்க்கென்றே செய்தது. .30-30 இல் 160 கிரெய்ன், 2400 அடி வேகம், 200 யார்வரை நம்பலாம். மற்றப்படி மேசையில் கிடக்கும் கூர் ரவையை "ஒன்றுதானே" என்று குழாய்க்குள் தள்ளாதீர்கள்.

கூர்ச் சன்னம் வேண்டும், தூரமும் வேண்டும், லீவரும் வேண்டும் என்றால் குழாய் இல்லாத துவக்குகள் இருக்கின்றன. பிறவுணிங் பீஎல்ஆர், ஹென்றி லோங் றேஞ்சர் இரண்டிலும் கழற்றிப் பூட்டும் ரவைக்கூடு, .308 மாதிரியான ரவைகள் போடலாம். பழைய சவேஜ் 99 இல் உள்ளே சுழலும் கூடு, என்னுடைய பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தன் தகப்பனின் சவேஜை விற்கச் சொல்லிக் கேட்ட என்னை மூன்று வருடம் அலைய விட்டார், கடைசியில் தரவில்லை.

சன்னத்தின் வகை: மூக்கில் ஈயம் தெரிகிற, உள்ளே போய் விரிகிற மென்மூக்குச் சன்னம். ரெமிங்ரன் கோர்-லொக்ற், பெடரல் பவர்-ஷொக், வின்செஸ்ரர் பவர்-பொயின்ற், எதுவானாலும் சரி. முழுவதும் செம்புறை போட்ட சன்னம் வேட்டைக்கு அல்ல, அது ஊசி மாதிரி ஊடுருவிப் போய்விடும், மான் ஓடிப்போய் எங்கேயோ வேதனைப்பட்டுச் சாகும். ரவை, சன்னம் என்ற சொற்களை எங்கள் சனம் வேறு விதமாகத்தான் படித்தது, போர் நடந்த 2009 மாசியில் சின்னப்பிள்ளைகளுக்கே சத்தத்தை வைத்து எது எது என்று தெரிந்திருந்தது. அதனாலோ என்னவோ, காயப்பட்ட ஒன்றை அப்படியே விட்டுவிட்டு வர எங்களால் முடிவதில்லை. அதை இங்கே நீட்டவில்லை.

குழலில் பொறித்திருக்கும் பெயரும் பெட்டியில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒன்று மட்டும் குழப்பும்: பழைய வின்செஸ்ரர்களில் ".30 டபிள்யூ சீ எஃப்" என்று இருக்கும், அது .30-30 தான், பயப்பட வேண்டாம்.

துவக்குக்கு வருவோம். வின்செஸ்ரர் 94 ஐ ஜோன் பிறவுணிங் வடிவமைத்தார், பெயரில் இருக்கும் 94 என்பது 1894. மெல்லியது, 3 கிலோ அளவு, கையில் பிடித்தால் கீழே வைக்க மனம் வராது. பழைய 94 களில் கோது மேலே பாயும், அதனால் ஸ்கோப்பை நேராக மேலே பூட்ட முடியாது. 1980களில் வந்த மாற்றத்துக்குப் பிறகு கோது சரிவாக வெளியே போகும், அவற்றில் பூட்டலாம். மார்லின் 336 1948 இல் வந்தது, மேல்பக்கம் மூடியது, கோது வலப்பக்கம் பாயும், ஸ்கோப்புக்கு மிகவும் தோது. 3.2 கிலோ அளவு, குழாயில் 6 ரவை. மார்லின் 2020 இல் றூகர் நிறுவனத்தின் கைக்குப் போனது, இப்போது புதிதாக வருபவை அவர்கள் செய்பவை. ஹென்றியின் துவக்குகள் வழுக்கிக்கொண்டு இயங்கும், பார்க்கவும் வடிவு, ஆனால் பித்தளை உடம்போடு வருபவை பாரம். ஹென்றியில் பழைய வகைகளுக்குக் குழாயின் நுனியைத் திறந்துதான் ரவை போட வேண்டும். பக்கத்து வாசல் உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள், நின்ற நிலையில் ஒவ்வொன்றாகப் போடலாம்.

நான் என்ன வைத்திருந்தேன்? பாவித்த மார்லின் 336. திரும்பவும் வாங்கினால் அதையேதான் வாங்குவேன்.

கடைக்குப் போகும்போது குளிர்ச் சட்டையையும் கொண்டு போங்கள். யூலை மாதத்தில் ரீ-சேர்ட்டோடு தோளில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கிய துவக்கு நவம்பரில் இரண்டு அங்குலம் நீண்டதுபோல் இருக்கும். முழங்கையை மடித்து, சோங்கின் அடியை முழங்கை மடிப்பில் வையுங்கள். சுட்டுவிரலின் முதல் மடிப்பு விசைக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் சோங்கைக் கொஞ்சம் வெட்டுவிக்கலாம், எங்கள் ஆட்களில் கட்டையானவர்களுக்கு இது பெரும்பாலும் தேவை. அப்புறம் கண்ணை மூடி, துவக்கைத் தோளில் ஏற்றி, கண்ணைத் திறவுங்கள், பாதுகாப்பான திசையில். குறி கண்ணுக்கு நேராக இருந்தால் அது உங்கள் துவக்கு. கழுத்தை வளைத்துத் தேட வேண்டி இருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

பாவித்தது வாங்குவதில் தவறில்லை, லீவர் துவக்கு அப்பன் பிள்ளைக்குக் கொடுக்கிற சாமான். பார்க்க வேண்டியவை: திருகாணிகளின் வாய் கிழிந்திருக்கிறதா (கிழிந்திருந்தால் தெரியாத ஆள் யாரோ கழற்றியிருக்கிறார்), குழலின் நுனி ஓரம் தேய்ந்து நெளிந்திருக்கிறதா, உள்ளே வெளிச்சம் அடித்தால் வரிகள் கூர்மையாகத் தெரிகிறதா, துருப்பொட்டு இருக்கிறதா. 336 இல் லீவரின் ஒரு திருகாணியைக் கழற்றினால் லீவரும் உள்ளிருக்கும் போல்ற்றும் வந்துவிடும், பின்பக்கத்தில் இருந்தே குழலைப் பார்க்கலாம், துடைக்கலாம். 94 இல் அது லேசில் நடக்காது, நுனியில் இருந்துதான் கம்பியை விடுவார்கள், அதனால்தான் பழைய 94 களில் நுனி தேய்ந்திருக்கும். நுனி தேய்ந்தால் குறி தவறும். கடைசியாக, துவக்கு வெறுமையாக இருப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, கடைக்காரரின் சம்மதத்தோடு குதிரையை (விசையை இழுத்தால் விழுந்து அடிக்கும் சுத்தியலை) அரைவாசி இழுத்த நிலையில் நிறுத்தி, விசையை அழுத்துங்கள். குதிரை விழக்கூடாது. விழுந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

குறி பார்க்கும் சாமானில் செலவு செய்யத் தயங்காதீர்கள். தொழிற்சாலையில் இருந்து வரும் மாட்டுக்கொம்பு வடிவப் பின்குறி இளம் கண்ணுக்குச் சரி. வயது 40 தாண்டினால் பின்குறி மங்கும், முன்குறி மங்கும், மான் மட்டும் தெரியும். ஓட்டைக்குறி பூட்டினால் கண் தானாகவே நடுவைத் தேடிக்கொள்ளும், பனியிலும் மழையிலும் பயமில்லை. ஸ்கோப் என்றால் சின்னது, 1 முதல் 4 மடங்கு அல்லது 2 முதல் 7 போதும். ஸ்கோப் பூட்டினால் குதிரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொம்பும் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் கையுறை போட்ட பெருவிரல் குதிரைக்கும் ஸ்கோப்புக்கும் இடையில் போகாது.

சுட்டுச் சரிபார்ப்பது. முதலில் 25 யாரில், மணல்மூட்டைமேல் துவக்கை வைத்து, மூன்று மூன்றாகச் சுடுங்கள். சன்னம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியைத் தள்ள வேண்டும். பிறகு 100 யார். 150 கிரெய்ன் .30-30 ஐ 100 யாரில் 2 அங்குலம் மேலே விழும்படி வைத்தால் 150 யாரில் ஏறக்குறைய குறியிலேயே விழும், 200 இல் 4 அங்குலம் கீழே. 100 யாரில் சரி நடுவில் வைத்தால் 200 இல் ஏறக்குறைய 8 அங்குலம் கீழே போய்விடும். பிறகு மூட்டையை மறந்துவிடுங்கள். நின்று, முழந்தாளிட்டு, மரத்தில் சாய்ந்து சுட்டுப் பழகுங்கள். காட்டில் மேசை இல்லை.

எந்தப் பெட்டியால் சரிபார்த்தீர்களோ அதே பெட்டிதான் வேட்டைக்கும். என் நாலாவது வருடம், 150 இல் சரிபார்த்து வைத்திருந்தேன், ரவை முடிந்துவிட்டது, காலம் திறப்பதற்கு முதல்நாள் பின்னேரம் போன கடையில் வேறு நிறுவனத்தின் 170 மட்டும் இருந்தது. .30-30 தானே என்று வாங்கினேன். அடுத்த நாள் பீவர் கட்டிய குளத்தின் மறுகரையில், 110 யார் இருக்கும், நல்ல கொம்பன் ஒன்று பக்கம் காட்டி நின்றது. முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வைத்தேன், இதயமும் நுரையீரலும் அங்கேதான். வெடித்தது, மான் குனிந்து துள்ளி ஓடியது. அரைமணி நேரம் பொறுக்க வேண்டும் என்பதால் பொறுத்தேன். போய்ப் பார்த்தால் பனியில் இரத்தம் சொட்டுச் சொட்டாக. நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்திருந்தால் நுரையீரல், நூறு யாருக்குள் படுத்திருக்கும். இது கடுஞ்சிவப்பு, நுரை இல்லை, இடையில் எலும்புத்துண்டு ஒன்று. முன்கால். இருட்டும்வரை பின்னால் போனேன், அடுத்தநாள் விடியலிலும் போனேன், சீடர் ஒன்றின் கீழ் கிடந்தது, கொயோட்டிகள் முந்திவிட்டன. கொம்பு மட்டும் அப்படியே இருந்தது. பிறகு அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சுட்டுப் பார்த்தேன்: 100 யாரில் 4 அங்குலம் கீழே, 2 அங்குலம் இடப்பக்கம். அன்றிலிருந்து ஆவணியிலேயே ஐந்து பெட்டி, பக்கத்தில் இருக்கும் தொகுதி இலக்கமும் ஒன்றாகப் பார்த்து, வாங்கிவிடுவேன்.

1980களுக்குப் பிந்திய மார்லின்களில் குதிரைக்குப் பக்கத்தில் குறுக்காக ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டு மறந்தால் குதிரை விழும், "டிக்" என்று சத்தம் வரும், வெடிக்காது. எனக்கு அப்படி நடந்தபோது மான் என்னைத் திரும்பிப் பார்த்து, முன்காலை ஒருமுறை தரையில் தட்டி, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு போனது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. பொத்தானை வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் வெறும் துவக்கோடு, கையுறை போட்டு, பொத்தானைத் தள்ளி, குதிரையை இழுத்து, திரும்ப மெதுவாக இறக்கிப் பழகுங்கள், நூறு தடவை. குளிரில் விறைத்த பெருவிரலால் குதிரையை இறக்கும்போது அது வழுக்கினால் வெடிக்கும், ஆகவே இறக்கும்போது குழல் எப்போதும் மண்ணை நோக்கி இருக்கட்டும். லீவரை அடிக்கும்போது அரைவாசியில் நிறுத்தாதீர்கள். மரியாதை பார்த்து மெதுவாக இழுத்தால் ரவை குறுக்கே சிக்கும், முழுவதும் கீழே, முழுவதும் மேலே.

குளிரைப் பற்றி இரண்டு வசனம்: வேட்டைக்கு முன் தடித்த எண்ணெயைத் துடைத்து எடுங்கள், கழிய 20 இல் அது பாணி மாதிரி இறுகும். இரவில் துவக்கைச் சூடான அறைக்குள் கொண்டு வந்தால் வியர்க்கும், காலையில் வெளியே கொண்டு போனால் அந்த வியர்வை பனிக்கட்டியாகும், ஆகவே குளிரான அறையிலேயே பூட்டி வையுங்கள்.

பத்திரங்கள்: துவக்குப் பாதுகாப்புப் பயிற்சி, அதன் பிறகு துவக்கு வைத்திருப்பதற்கான பீ.ஏ.எல். அனுமதிப்பத்திரம் (முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு, அதனால் ஐப்பசியில் தொடங்காதீர்கள்), ஒன்ராறியோவில் வேட்டைக் கல்விப் பயிற்சி, அவுட்டோர்ஸ் கார்ட், மான் முத்திரை. மான் காலத்தில் உடம்பிலும் தலையிலும் பளிச்சென்ற செம்மஞ்சள். வாகனத்தில் ரவை ஏற்றிய துவக்கு கூடாது. இறைச்சியை விற்கக்கூடாது, கொடுக்கலாம், சாப்பிடலாம்.

அந்த வாகன விசயத்தில் லீவர் துவக்கு ஒரு குணம் காட்டும். குழாயை வெறுமையாக்க லீவரை அடித்து ஒவ்வொரு ரவையாக வெளியே எடுக்க வேண்டும், எத்தனை போட்டோம் என்று மனதில் இல்லாவிட்டால் ஒன்று உள்ளேயே தங்கிவிடும். போன நவம்பரில் மருமகன் தன் முதல் மானைச் சுட்டான், ஒரே வெடி, 55 யார். பிக்கப்பின் பின்கதவில் மானின் தலை, பக்கத்தில் துவக்கு, ரவைகளை வடிவாக வரிசையாக அடுக்கி ஒரு படம் அனுப்பியிருந்தான். நான் ரவையைத்தான் எண்ணினேன், நாலு. காலையில் ஆறு போட்டதாகச் சொல்லியிருந்தான், ஒன்று சுட்டுவிட்டான். உடனே அழைத்தேன், இங்கே விடியவில்லை, நாய் குரைக்கிறது.

"தம்பி, ஐந்தாவது எங்கை?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு லீவர் அடிபடும் சத்தம், அதன் பிறகு தகரத்தில் ஏதோ விழுந்து உருளும் சத்தம்.